வெள்ளைக் கிளிப் தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஈரக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். முளை அறையில் வேலை செய்பவளுக்குக் கை காய நேரம் ஏது? கோதுமையை அலசி ஊறவைக்க வேண்டும். ஊறியதை வடித்துத் தட்டுகளில் பரப்பி, இருட்டறையில் அடுக்கி, வேளாவேளைக்குத் தெளிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், இன்றுவரை ஒரு தட்டைக்கூட வாடவிட்டதில்லை.

இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி ஓடுவாள். பேருந்து ஓட்டுநரான கணவர், "உன்கூட இருக்கறதுக்கு பிரேக் இல்லாத பஸ்ல போயிடலாம், படபடப்பு கம்மியா இருக்கும்" என்று கேலி செய்வார்.

தட்டுகளில் இரண்டு வகை உண்டு. வெள்ளைக் கிளிப் மாட்டியவற்றுக்கு வெறும் தண்ணீர். நீலக் கிளிப் மாட்டியவற்றுக்கு ஒரு ஹார்மோன் கரைசல், மல்லிகைப்பூ வாசம் அடிக்கும். புதிதாக வருபவர்கள் யாரோ சென்ட் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பழகிப்போன ஈரக்கையின் மூக்குக்கு அது எட்டுவதேயில்லை. ஆய்வை நடத்தும் பெண் விஞ்ஞானி அவளுக்கு எளிதாகச் சொல்லியிருந்தார்: "பூச்சி கடிச்சா செடி தானாவே இந்த ஹார்மோனைச் சுரக்கும். உடனே தன்னைக் காப்பாத்திக்க சில சத்துகளைத் தயார் பண்ணும். அதெல்லாம் நமக்கும் நல்லது. பூச்சியே இல்லாம மருந்தை மட்டும் தெளிச்சு நாம முளையை ஏமாத்தறோம்."

ஆரம்பத்தில் ஒருமுறை அளவு கூடிப்போய்விட்டது. அந்தத் தட்டு முழுக்க முளைகள் குட்டையாக, வேர் சுருண்டு, ஊதா நிறம் ஏறி நின்றன. ஈரக்கைக்குப் பார்க்கவே என்னவோ போலிருந்தது. பிறகு அளவைக் குறைத்துவிட்டார்கள். இப்போது இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சோதனைக்கு எடுத்ததுபோக மீதமாகும் வெள்ளைக் கிளிப் முளைகளை வேலை செய்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஈரக்கை தவறாமல் எடுத்துப் போவாள். வீட்டில் கணவரின் தங்கை இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போனதால், இந்தத் தடவை அண்ணியின் பார்வையிலேயே இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். தினமும் காலையில் ஒரு கிண்ணம் முளைகட்டிய கோதுமையை அப்படியே மென்று தின்பாள். அண்ணி பக்கத்தில் நின்று கிண்ணம் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று காலை விஞ்ஞானி முளை அறைக்குள் வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சு. வெள்ளைக் கிளிப் முளையிலதான் சத்து ஏகத்துக்கு ஏறியிருக்கு. நீலத்துல ஒண்ணுமே இல்ல. ஸ்டோர்ல தெளிப்பான்களைக் கழுவி நிரப்பினப்போ மாத்தி ஊத்திட்டாங்க. கொஞ்ச நாளாவே இப்படித்தான் நடந்திருக்கு."

ஈரக்கை கையிலிருந்த சல்லடையை மேசைமேல் வைத்தாள். போன வாரம் நாத்தனார் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, "என்ன அண்ணி, கோதுமையில பூ வாசம் வருது" என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. கர்ப்பிணிக்குத்தான் எல்லா வாசமும் தூக்கலாகத் தெரியும் என்று சொல்லி அவளை அன்றைக்கும் தின்ன வைத்திருந்தாள்.

ஹார்மோன். அந்தச் சொல் இத்தனை வருஷமாக அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இன்றைக்குத்தான் அது அடிவயிற்றில் போய் விழுந்தது. கண்ணை மூடினால் அந்தத் தட்டு தெரிந்தது, குட்டையாக, சுருண்டு, ஊதா ஏறி. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடும் என்பதுபோல விஞ்ஞானியிடம் எதையும் சொல்லாமல் வெளியே வந்தாள். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"ஒரு மாதிரியா இருக்கு அண்ணி. குளிருது. முதுகெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. நீங்க வேலையில இருப்பீங்களேன்னுதான் சொல்லல."

"குழந்தை அசையுதா?"

"அசையுது. நேத்து அளவுக்கு இல்ல."

ஈரக்கை நேராக விஞ்ஞானியின் அறைக்குள் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் உடனே எழுந்து கரைசல் பாட்டிலையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டார்.

நாத்தனாரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அவள் பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஈரக்கை முன்பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "இதனால ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

"ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். ரொம்பக் கம்மியான அளவு. ஆனா கர்ப்பிணிங்களுக்குக் குடுத்து யாரும் பார்த்ததில்ல. தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்றிருந்தது ஈரக்கைக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவருடைய விரல்களும் வெளுத்திருந்ததைப் பார்த்தபோது பயம் இன்னும் கூடியது.

மகப்பேறு மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், அலட்டிக்கொள்ளாதவர். ஈரக்கை மூச்சுவிடாமல் கொட்டியதைக் கேட்டார். பாட்டிலை வாங்கி அளவு விவரத்தைப் படித்துவிட்டு மேசை ஓரமாக வைத்தார்.

"முளைய வேகவெச்சுக் குடுத்தீங்களா?"

"இல்ல சார். பச்சையாத்தான்."

"தினமுமா?"

அவள் தலையசைத்தாள். மருத்துவர் நர்சைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மருந்து இப்போ என் கவலை இல்லம்மா. முளை வளர்ற ஈரத்துலயும் வெதுவெதுப்புலயும் கிருமியும் சேர்ந்து வளரும். நமக்கு ஒருநாள் வயித்துவலியோட போயிடும். கர்ப்பிணிக்கு ரத்தத்துல ஏறி, குழந்தை வரைக்கும் போயிடலாம். அதான் பச்சை முளையை அவங்க தொடவே கூடாதும்பாங்க. வெறும் காய்ச்சல்னு வந்திருந்தா மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன். என்ன சாப்பிட்டாங்கன்னு சொன்னதால தப்பிச்சோம்."

தப்பித்தோம் என்ற வார்த்தை அவள் காதில் ஏறவில்லை. குழந்தை வரைக்கும் என்பது மட்டும்தான் ஏறியது. இவ்வளவு நேரம் பாட்டிலைப் பார்த்துப் பயந்தவளுக்கு இப்போது தன் கையால் நீட்டிய ஒவ்வொரு கிண்ணமும் கண்முன் வந்தது.

ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் கிருமிக்கான மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி குதிரை ஓடுவதுபோலச் சத்தம் போட்டது. சத்தம் தேயும்போதெல்லாம் ஈரக்கை நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுவாள்.

கணவர் சீருடையோடு வந்து சேர்ந்தார். வராந்தாவில் வைத்து அவரிடம் சொன்னாள். கூடப் பிறந்தவளாயிற்றே, என்ன சொல்வாரோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அறைக்குள் எட்டித் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். கேலி செய்தே பழகிய முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அச்சமாக இருந்தது.

"நல்லதுன்னு நினைச்சுத்தானே குடுத்த," என்றார். "நானும் ஒருநாள் ரெண்டு வாய் அள்ளித் தின்னேன். வா, உள்ள போய் உட்காருவோம்."

கிருமி இருப்பது ரத்தத்தில் உறுதியானது. மருந்து தொடர்ந்து ஏறியது. காய்ச்சல் இறங்கிய பிறகு, நாள் நிறையாமலேயே குழந்தை பிறந்தது. பெண். கைக்குள் அடங்கிவிடுகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதற்கும் மருந்து ஏற்றினார்கள். ஈரக்கை தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள். முதலில் விரல்களைப் பார்ப்பாள், பிறகு கால்களை. எங்காவது சுருண்டிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று தேடுவாள். ஹார்மோனால் எந்தக் கெடுதலும் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் தேடினாள். ஒரு நாள் குழந்தை வீறிட்டு அழுதது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய குரல் வந்ததைக் கேட்டு நர்சே சிரித்துவிட்டாள்.

முளை அறையிலிருந்து இனி எதுவும் வெளியே போகக் கூடாது என்று விஞ்ஞானி உத்தரவு போட்டார். வேகவைத்தால் ஹார்மோனால் கூடிய சத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். ஈரக்கை வேலைக்குத் திரும்பினாள்.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. குழந்தையோடு வீடு திரும்பிய நாத்தனார் ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணி எதை நீட்டினாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் செய்வது சரிதான் என்று ஈரக்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சமையலறைக்குள் போய், கொதித்ததையே மறுபடி கொதிக்கவைத்தாள்.

பல வாரங்கள் இப்படியே போயின. ஒரு மத்தியானம் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருக்க, நாத்தனார் போனில் கப்பலிலிருக்கும் கணவனோடு பேசிக்கொண்டிருந்தாள். ஈரக்கை கஞ்சிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். நாத்தனார் கிண்ணத்தைப் பார்க்கக்கூட இல்லை. பேச்சை விடாமலே கையை நீட்டி எடுத்துக் குடித்தாள். பிறகு போனைக் காதிலிருந்து விலக்கினாள்.

"அண்ணி, இதுல உப்பே இல்ல."

"போட்டுக் கொண்டாரேன்" என்று ஈரக்கை உள்ளே போனாள். உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.