இரண்டு சங்கங்களும் ஒரு கல்யாணக் கதையும்

நான் பேராதனையில் படித்தவள். என் கணவர் கொழும்பில் படித்தவர். கல்முனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அப்போது பட்டதாரிகள் அதிகம் இல்லை. இருந்த சிலரும் ஒன்றாக உட்காரமாட்டார்கள். பேராதனையில் படித்தவர்களுக்கு ஒரு சங்கம், கொழும்பில் படித்தவர்களுக்கு இன்னொன்று. ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் இலவச வகுப்பு நடத்த நினைத்தபோது, பௌதிகம் படிப்பிக்கக்கூடியவர் அந்தச் சங்கத்தில் இருந்தார், கணிதம் படிப்பிக்கக்கூடியவர் இந்தச் சங்கத்தில் இருந்தார். சேராமல் முடியாது. எங்கே கூடுவது என்று இழுபறிப்பட்டு, இரண்டு பக்கமும் பாதிப் பாதி இருந்த எங்கள் வீட்டையே தெரிவு செய்தார்கள்.

வகுப்பைப் பற்றிய நோட்டீசில் எந்தச் சங்கத்தின் பெயர் முதலில் வருவது என்பதற்கே ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

"அகர வரிசையில போடுவம். அதுதான் நியாயம்" என்றார் என் கணவர்.

"கொழும்பு முன்னுக்கு வரும் எண்டு தெரிஞ்சதும் ஒங்களுக்கு நியாயம் ஞாபகம் வந்திட்டு" என்றார் பேராதனைச் சங்கத்தின் செயலாளர். அவர் கணித ஆசிரியர், கல்யாணமாகாதவர், உம்மாவோடு தனியாக இருந்தார்.

நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தேநீர் கொடுப்பேன். தாவரவியல் வகுப்பு என்னுடையது. மகனை என் உம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டை வரையும்போது, அவன் விழுந்திருப்பானோ, எதையாவது விழுங்கியிருப்பானோ என்று நினைப்பு வீட்டுக்கு ஓடும். வகுப்பு முடிந்ததும் ஓடாத குறையாக வீட்டுக்கு வருவேன். அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

அந்த வகுப்பில் படித்த ஒரு பிள்ளைக்குப் பேராதனை கிடைத்தது. எங்கள் வகுப்புகளிலிருந்து விஞ்ஞானத்துக்கு எடுபட்ட முதல் பெண் அவள். அவளுடைய வாப்பாவுக்கு மாவடிப்பள்ளியில் வயல். நல்ல மனிதர், மகளைப் படிக்கவேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாதவர். ஆனால் இடம் கிடைத்தபின் அவருக்கு நித்திரை போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்தபடி கேட்டார்: "மகள், ஊரெல்லாம் ஒங்களத்தான் காட்டுறாங்க, அங்க போய்ப் படிச்ச புள்ள எண்டு. நீங்க படிச்சிட்டு வந்து இப்ப வீட்டிலதானே இரிக்கிறீங்க?"

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு இன்னும் நியமனம் வரவில்லை. வந்தாலும் மகனை விட்டுவிட்டுப் போவேனா என்று எனக்கே தெரியாது. "இரிக்கிறன்தான். ஆனா போனது வீணில்ல, மாமா" என்றேன். ஏன் வீணில்லை என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்குமா என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை. "அங்க என்ட புள்ளய ஆர் பார்க்கிற?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டு சங்கங்களும் முதன்முதலாகச் சண்டையில்லாமல் வேலை செய்தன. பேராதனைச் சங்கத்தார் விடுதியில் ஒரு மூத்த மாணவியோடு அறை கிடைக்க ஒழுங்கு செய்தார்கள். ஆனால் சனி ஞாயிறில் போய்த் தங்கவும், காய்ச்சல் என்றால் ஓடிப்போகவும் ஒரு வீடு அவர்களுக்கு அங்கே இல்லை. கொழும்புச் சங்கத்தில் என் கணவரோடு படித்த ஒரு பெண், கண்டியில் குடும்பமாக இருந்தார். எங்கள் ஊர்க்காரிதான். அவர் பொறுப்பெடுக்க ஒத்துக்கொண்டார். இதையெல்லாம் வாப்பாவிடம் நேரில் சொல்வதுதான் மிச்சம்.

அந்தக் கிழமை மகனுக்குச் சின்னமுத்து போட்டுவிட்டது. அம்மைக் காய்ச்சலில் உடம்பெல்லாம் சிவந்து, கண் திறக்கமாட்டாமல் கிடந்தான். எங்கள் வீட்டில் கூட முடியாது. செயலாளர் வீட்டில் கூடலாம் என்று ஆண்கள் முடிவு செய்து, வாப்பாவுக்கும் ஆள் அனுப்பினார்கள். யாரும் அதைப் பற்றி இரண்டாம் தடவை நினைக்கவில்லை. நான் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அதற்காகவே மகளுக்கு வீடு கட்டுவார்கள். இது தெரியாத ஆள் ஊரில் இல்லை. ஆனால் படிப்பு விசயம் என்றதும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

வாப்பா மரியாதை தெரிந்தவர். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார். வெள்ளைச் சட்டை போட்டு, மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு, கோழிக்கூட்டு வாழைக்குலையும் தயிர் முட்டியுமாகப் பட்டப்பகலில் அந்தத் தெருவால் நடந்துபோயிருக்கிறார். ஆண்கள் முன்னால் விடுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, செயலாளரின் உம்மா உள்ளிருந்து கேட்டிருக்கிறார்:

"வீடு எந்த மட்டில நிக்கிது?"

"கூரை போட்டாச்சி. பூச்சு வேலதான் மிச்சம்."

"எல்லாம் புள்ளைக்குத்தானே?"

"பின்ன ஆருக்கு?" என்று வாப்பா பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் சந்தையில் அவரைக் கண்டவர்கள் அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பட்டதாரி மாப்பிள்ள எடுத்திட்டீங்களாமே, காக்கா! எங்களுக்கு ஒரு சொல்லுமில்ல!"

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டு வேலிக்கு வெளியிலேயே நின்று அழுதாள். சின்னமுத்து என்பதால் நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

"ராத்தா, வாப்பா சொல்லுறார், இனி நான் பேராதனைக்குப் போனா, கேட்டுப் போய் அவங்க வேணாமெண்டு சொன்ன மாதிரி ஆகுமாம். ஊர்ச்சனம் அப்பிடித்தான் கதைக்குமாம். உம்மா சொல்லுறா, நல்ல எடம்தானே, முடிச்சிரிவம் எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. எனக்குப் போகணும், ராத்தா."

பதியவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகனுக்குக் கொஞ்சம் சுகமானதும் இரண்டு சங்கங்களும் அவசரமாக எங்கள் முற்றத்தில் கூடின. செயலாளர் தலை நிமிரவில்லை. "பள்ளிவாசல்ல ஆக்கள் எனக்கு ஸலாம் சொல்லுறதே வேற மாதிரி இரிக்கி" என்றார்.

"கல்யாணப் பேச்சு இல்லையெண்டு ஒரு நோட்டீஸ் அடிப்பம்" என்றார் ஒருவர்.

கொழும்புச் சங்கத்தில் இருந்த காரைதீவு மாஸ்டர் சிரித்துவிட்டார். "நோட்டீஸ் அடிச்சா தெரியாத ஆக்களுக்கும் தெரியவரும். அதிலயும் எந்தச் சங்கத்தின்ட பேரை முன்னுக்குப் போடுற?"

எல்லோரும் சிரித்தார்கள், செயலாளரைத் தவிர. நான் வாசலில் நின்றபடி, சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமலே சொன்னேன்: "நாள் குறிக்காம மாப்பிள்ள வீட்டாக்கள் பொண் வீட்டுக்குப் போறல்ல. செயலாளர் சேரோட உம்மா, படிக்கப் போற புள்ளய வாழ்த்தப் போறன் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டு நேர போனா, இது கல்யாணப் பேச்சில்ல எண்டு சனத்துக்கு விளங்கும்."

அதிகப்பிரசங்கித்தனமாகிவிட்டதோ என்று எனக்கு முகம் சுட்டது. பிறகு மாஸ்டர், "இது சரிவரும், தங்கச்சி" என்றார். என் கணவர், "அவர்ட உம்மாட்ட ஆர் கேக்கிற?" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

சுகமாகியிருந்த மகனையும் தூக்கிக்கொண்டு நான் போனபோது, செயலாளரின் உம்மா என்னைப் பாயில் இருத்தி, அவன் கன்னத்தைத் தடவினார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"எனக்கு அந்தப் புள்ளயப் புடிச்சிரிக்கி, மகள். நான் ஆக்களுக்கும் சொல்லிட்டன்."

"ஓம், மாமி. நல்ல புள்ள."

"வீடும் முடியப்போகுது."

"வீடு முடிஞ்சா சேரும் அங்க போயிருவார்தானே" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. "நீங்க இஞ்ச தனியத்தானே, மாமி."

அவர் என் மகனைத் தடவிய கையை எடுத்தார். அடுப்படியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கல்யாணத்தைப் பற்றி எவ்வளவோ நினைத்தவர், அதற்கடுத்த நாளை நினைக்கவில்லைப் போலிருந்தது. அவரைப் பயமுறுத்திவிட்டேனோ என்று இருந்தது. பொய் சொல்லவில்லை, ஆனாலும்.

"எத்தின வருசப் படிப்பு?" என்று கேட்டார்.

"நாலு வருசம், மாமி."

"படிக்கட்டும்" என்றார். "நான் போறன். நீயும் வா, மகள், எனக்குக் கூச்சமா இரிக்கி."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெரு நிறைய ஆட்கள் இருந்த நேரமாகப் பார்த்துப் போனோம். முன்னால் அவர், பக்கத்தில் நான். பின்னால் இரண்டு சங்கத்து ஆண்களும், கிட்டத்தட்ட வரிசையாக. செயலாளர் மட்டும் வரவில்லை. வேலிக்கு வேலி பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க மாமி, ஊர்வலம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இந்தப் புள்ளைக்கி கெம்பஸ் கிடைச்சிரிக்கிதே, அதுக்கு துஆ செய்யப் போறன்" என்றார் அவர், தெரு முழுதும் கேட்கிற குரலில். "என்ட மகன் படிச்ச எடம்தான்!"

வாப்பா வாசலில் திகைத்து நின்றார். செயலாளரின் உம்மா நேரே உள்ளே போய்ப் பிள்ளையின் தலையில் கை வைத்து, "நல்லாப் படி, மகள்" என்றார். கண்டி வீட்டைப் பற்றி என் கணவர் சொன்னார். விடுதி அறையைப் பற்றிப் பேராதனைச் சங்கத்தார் சொன்னார்கள். வாப்பா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு கதை வந்தா, ரெண்டு சங்கமும் வந்து நிப்பீங்களா?"

"இப்ப நிக்கிறம்தானே" என்றார் மாஸ்டர்.

வாப்பா உள்பக்கம் திரும்பி, "அப்ப சாமான்களக் கட்டுங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

இதை எழுதும்போது என் மகனுக்குப் பள்ளிக்கூட வயது. அந்தப் பிள்ளை அங்கே எப்படி இருந்தாள், பிறகு என்ன ஆனாள் என்பது அவள் சொல்லவேண்டிய கதை. எனக்குத் தெரிந்தது கண்டி பஸ் புறப்பட்ட காலை மட்டும். ஜன்னல் பக்கம் இரு, இல்லை வாந்தி வராமல் நடுவில் இரு என்று இரண்டு சங்கமும் மறுபடி சண்டை பிடித்தன. வாப்பாவும் அவளோடு ஏறினார். நான் கம்பளிச் சட்டையை மேல்பையில் வைத்தாயா, தலைவலிக் குளிசை எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பஸ் நகர்ந்தபோதும் கேட்டேன்.

அவள் ஏதோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. ஓம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு, மகனைத் தோளில் போட்டபடி வீட்டுக்கு நடந்தேன்.