குழந்தையின் தலைமாட்டில் காற்றுத்துளை

படகுத்துறையில் ஹீட்டர் பொருத்துகிறவரை எல்லோரும் ஓட்டைக்காரர் என்றுதான் சொல்வார்கள். படகிலேயே குடித்தனம் நடத்தும் அறுபத்து மூன்று குடும்பங்களில் நாற்பத்தொன்றுக்கு அவர் பொருத்திய ஹீட்டர். பொருத்திய கையோடு, தரைக்கு ஒரு சாண் மேலே பலகைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளையும் போடுவார். அடைத்த அறையில் தீ எரிந்தால் உள்ளே இருக்கும் காற்றைத் தின்றுவிட்டு, மணமோ நிறமோ இல்லாத விஷவாயுவைக் கக்கும். அதற்குத்தான் அந்தத் துளை. குளிர் தொடங்கியதும் ஜனங்கள் அதில் பழந்துணியைத் திணிப்பார்கள். அவர் பிடுங்கித் தண்ணீரில் எறிவார். துறை அலுவலகப் பதிவேட்டை எழுதியவன் நான். இருபத்தாறு வருஷத்தில் அவர்மேல் வந்த புகார்கள் பத்தொன்பது. அத்தனையும் அவர் வாயைப் பற்றியவை. வேலையைப் பற்றி ஒன்றுமில்லை.

ஜனவரி எட்டாம் தேதி காலை அவருடைய தங்கையின் மூன்று வயது மகளை எழுப்ப முடியவில்லை. விஷவாயு என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாளாம். மறுநாள் குழந்தை வீடு திரும்பியது. விபத்தைப் பதிவு செய்ய நான் போனபோது, துளையிலிருந்து பிடுங்கிய இரண்டு கம்பளிக் காலுறைகளைத் தங்கை புருஷனின் மார்பில் விட்டெறிந்துகொண்டிருந்தார் ஓட்டைக்காரர். மூளை இருக்கிறதா என்று கேட்டார். பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்றார். ஹீட்டரைக் கழற்றி எடுத்துப்போகிறேன், எல்லோரும் விறைத்துக் கிடங்கள் என்று ஸ்பானரையும் கையில் எடுத்துவிட்டார்.

"ஊரையே சூடாக்கவா ஹீட்டர் வெச்சிருக்கேன், மச்சான்?" என்று அந்த மனுஷன் முனகினார்.

குழந்தையை மடியில் வைத்திருந்த தங்கை குறுக்கே பேசினாள்.

"அவர ஏன் வையுற? அடைச்சது நான். நீ எங்க ஓட்டை போட்டிருக்கேன்னு குனிஞ்சு பாரு. புள்ளையோட தலைமாட்டுல. ஊசி மாதிரி அவ உச்சந்தலையில குத்துது காத்து."

"கட்டில நகர்த்துறது."

"எங்க? ஹீட்டர் மேலயா? இதென்ன பங்களாவாண்ணே?"

அவர் குனிந்து பார்த்தார். கட்டில் பலகைச் சுவரோடு சேர்த்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. துளை போட்ட நாளிலும் அது அங்கேதான் இருந்தது. விதியில் துளையின் அகலம் உண்டு, உயரம் உண்டு. எந்த இடத்தில் என்று கிடையாது. என் பதிவேட்டிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. நாற்பத்தொரு தடவை அகலத்தையும் உயரத்தையும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே எரிந்தது.

ஓட்டைக்காரர் கருவிப்பெட்டியை ஓர் உதை விட்டார். பிறகு ஹீட்டருக்குப் பின்பக்கம் அதே அளவில் புதுத் துளை போட்டார். வெளிக்காற்று இனி ஹீட்டரை உரசிச் சூடாகித்தான் அறைக்குள் வரும். விளக்குப் பிடித்த தங்கை புருஷனுக்கு, கோணலாகப் பிடித்ததற்காக மூன்று முறை திட்டு விழுந்தது. புதுத் துளையில் கை வைத்து, காற்று வருவதை உறுதி செய்துகொண்ட பிறகே பழைய துளையைப் பலகையால் மூடினார்.

அங்கிருந்து நேராகப் பக்கத்துப் படகின் கதவைத் தட்டினார். என்ன விஷயம் என்று கேட்டார் அந்த வீட்டுக்காரர்.

"கட்டில் எந்தப் பக்கம் கிடக்கு? வழிய விடுங்க," என்று உள்ளே நுழைந்தார்.