பரேடு மைதானத்தில் கப்பல் சங்கு

ஆம்ப்ரோஸ் கடலைப் பார்த்ததே இல்லை. பெங்களூரில் பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில், பிளாக்பள்ளி மாதா கோவிலுக்குப் பின்னாலிருந்த சந்தில் பிறந்தார். அங்கேயே கல்யாணம் முடித்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பஞ்சு மில்லில் பாய்லர்க்காரராக இருந்தார். விடியற்காலையில் மில் சங்கை ஊதுவது அவர் வேலை. அந்தச் சங்கைக் கேட்டுத்தான் சுற்று வட்டாரத்தில் பாதி வீடுகளில் அடுப்பு பற்றும்.

1918ஆம் வருஷம் ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. அவர் மனைவி பெர்னதெத் மூன்றே நாளில் போய்விட்டாள். கல்லறையில் குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆம்ப்ரோஸ் தானே மண்வெட்டியைப் பிடித்தார். வீட்டில் மிஞ்சியவர்கள் மருமகள் யூனிஸும் இரண்டு வயதுப் பேத்தி பவுலினும்தான்.

ஒரே மகன் ஓஸ்வால்ட் பட்டாளத்துக்குச் சுமை தூக்கும் கூலியாட்கள் படையில் சேர்ந்து, கடல் கடந்து பாஸ்ராவுக்குப் போயிருந்தான். அவன் கிளம்பியபோது பவுலின் தாய் வயிற்றில் இருந்தாள். துறைமுகத்தில் மூட்டை இறக்குவதாக எழுதுவான். கடைசிக் கடிதம் வைகாசியில் வந்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு குரல் உண்டு, கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கப்பல் வருகிறதென்று சொல்லிவிடுவேன், என்னை ஊருக்குக் கொண்டுவரப் போகிற கப்பலின் குரலுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். அந்தக் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போகிறவரைக்கும் யூனிஸ் அதைப் படித்தாள். மாமியார் செத்த சேதியை அவனுக்கு எழுதிப் போட்டதும் அவள்தான். பதில் வரவில்லை.

ஐப்பசிக் கடைசியில் சண்டை ஓய்ந்தது. பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற தியோடர் என்பவருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பரேடு மைதானத்தில் ஒரு கச்சேரி. யாரும் வந்து கேட்கலாம், டிக்கெட் கிடையாது. மேடையில் வாத்தியமே இருக்காது. ஊரின் சத்தங்கள்தான் வாத்தியம். தண்டு ஸ்டேஷனில் நிற்கும் ரயில் இன்ஜின்களின் விசில், மில் சங்கு, நான்கு கோவில்களின் மணி, தீயணைப்பு வண்டியின் கண்டாமணி, ஜட்கா குதிரைகளின் சலங்கை. கோபுரத்துக்குக் கோபுரம் ஆளை நிறுத்தி, கொடி அசைத்துத் தாளம் கொடுப்பது என்று ஏற்பாடு. தியோடருக்கு நடுநாயகமாக ஒரு கப்பல் சங்கும் வேண்டியிருந்தது. சிப்பாய்கள் திரும்பி வருகிறார்கள் அல்லவா, துறைமுகத்தின் சத்தம் இல்லாமல் எப்படி என்றார். சென்னைத் துறைமுகத்தில் உடைத்துப் போட்ட ஒரு கப்பலிலிருந்து பித்தளைச் சங்கு வந்து சேர்ந்தது. ரோடு போடுகிற நீராவி இன்ஜினின் பாய்லரில் அதைப் பொருத்தினார்கள். ஊத ஒரு பாய்லர்க்காரர் வேண்டும் என்று ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டார்கள்.

பெண்டாட்டியைப் புதைத்து நாற்பது நாள் ஆகவில்லை, எனக்கு எதற்குக் கச்சேரி என்று முதலில் மறுத்தார். யூனிஸ்தான் போகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து முதல் ஒத்திகைக்குக் கூடவே வந்தாள். சங்கு அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஊதியபோது அவள் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டாள்.

"மாமா, அவரு எழுதினாரே, அந்தச் சத்தம் இதுதானா?"

கடலையே பார்க்காத மனிதர் என்ன சொல்வார்? "இதேதாம்மா," என்றார்.

அன்றிலிருந்து யூனிஸ் மாறினாள். ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாகத் தலையில் பூ வைத்தாள். குழந்தைக்குப் புதுக் கவுன் தைத்தாள். பட்டாளத்தார் கப்பல் கப்பலாகத் திரும்புகிறார்கள் என்று தெருவில் எவர் சொன்னாலும் நின்று கேட்டாள்.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. காலையிலிருந்தே குளிர், மைதானத்துப் புல்லில் பனியீரம் உலரவே இல்லை. கம்பளியும் சால்வையுமாக ஜனம் திரண்டது. யூனிஸ் முன்வரிசையில், கயிறு கட்டியிருந்த இடத்தை ஒட்டி, குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றரை மணிக்கு ஆம்ப்ரோஸ் பாய்லரில் கரி போட்டுக்கொண்டிருந்தபோது, மெலிந்த ஆள் ஒருவன் இன்ஜினுக்குப் பின்பக்கமாக வந்து நின்றான். ஓஸ்வால்டோடு சேர்ந்து போன ரெமிஜியஸ். அவரால் முதலில் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. மத்தியானம்தான் ரயிலில் வந்தானாம். இவர்கள் வீடு பூட்டியிருந்ததாம். அக்கம்பக்கத்தார் மைதானத்துக்கு அனுப்பினார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு சட்டைப் பையிலிருந்து, மாதா படம் தைத்துக் கழுத்தில் போடும் ஓர் உத்தரியத்தை எடுத்து நீட்டினான். பெர்னதெத் மகன் கழுத்தில் தன் கையால் போட்டு அனுப்பியது.

"ஜூலை மாசமே பெரியப்பா. வெயிலு. மூட்டையோட விழுந்தான். தண்ணி ஊத்தினோம், முழிக்கல. உங்களுக்குக் கடுதாசி வந்திருக்கும்னு இருந்தேன்."

எதுவும் வரவில்லை. ஜூலை மாதத்திலிருந்து அவர்கள் செத்தவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்ப்ரோஸ் உத்தரியத்தை மடித்து இடுப்பு வேட்டியில் சொருகினார். ரெமிஜியஸை அவன் வீட்டுக்குப் போகச் சொன்னார். யாரிடமும் வாய் திறக்காதே என்றார். கோபுரத்தில் கொடி அசைந்தது.

அன்றைக்கு அவர் ஓர் இடத்திலும் தவறவில்லை. மணிகள் முதலில் எழுந்தன, ரயில் விசில்கள் பதில் கொடுத்தன, தூரத்தில் மில் சங்கு இழுத்தது. தியோடரின் கோல் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆம்ப்ரோஸ் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். பாதி இழுக்க வேண்டிய இடத்தில் பாதி, முழுசாக இழுக்க வேண்டிய இடத்தில் முழுசு. எதிரே யூனிஸ் குழந்தையை எழுப்பி நிறுத்தி, இன்ஜினைக் காட்டிக் காதில் ஏதோ சொன்னாள். பவுலின் கை தட்டினாள். யூனிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. கை மட்டும் வேலை செய்தது. மற்றதெல்லாம் மரத்துப் போயிருந்தது. ஜனம் ஆரவாரம் செய்தது. தியோடர் ஓடி வந்து அவர் கரிக்கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு நடந்தார்கள். வழிநெடுக யூனிஸ் பேசிக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனதும் ஆம்ப்ரோஸ் உத்தரியத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். அழவில்லை. ரெமிஜியஸ் வந்தான் என்றும், அவன் சொன்னதையும் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டாள்.

"எத்தனை மணிக்கு வந்தாரு?"

"மூணரைக்கு."

"தெரிஞ்சிக்கிட்டேயா ஊதினீங்க?"

தலையிலிருந்த பூவை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு அவள் குழந்தையோடு உள்ளறைக்குப் போனாள்.

தை மாதம் அவளுடைய அண்ணன் அத்திபெலேயிலிருந்து வண்டி கொண்டுவந்து அழைத்துப் போனான். ஆம்ப்ரோஸ் தடுக்கவில்லை. பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் மாதா கோவில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தார். மருமகளுக்கு ஒரு மணி நேரம் சந்தோஷம் கொடுக்கத்தானே செய்தீர் என்று சாமியார் தேற்றினார். இல்லை சாமி, அவளுக்காக இல்லை, யாரிடமும் சொல்லாத வரைக்கும் அவன் சாகவில்லை என்று இருந்தேன், எனக்காகத்தான் என்றார் ஆம்ப்ரோஸ். அது பாவமில்லை என்று சாமியார் சொன்னதை அவரால் ஏற்க முடியவில்லை.

மில்லில் கேட்டுக்கொண்டு பாய்லரை விட்டார். பஞ்சுப் பொதி தள்ளும் வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் தியோடர் மறுபடி வந்து கூப்பிட்டபோது கதவைத் திறக்கவில்லை. ஒரே ஒருமுறை அத்திபெலேக்குப் போனார். யூனிஸ் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், எதிரில் உட்காரவில்லை. பவுலின் அவரைப் பார்த்துத் தன் தாய்மாமன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

1928இல் இறந்தார். பெர்னதெத்துக்குப் பக்கத்தில் இடமில்லை, மதிலோரமாகப் புதைத்தார்கள். சேதி கேட்டு யூனிஸ் மகளோடு வந்து கூட்டத்துக்குக் கடைசியில் நின்றாள். இது யாரும்மா என்று பவுலின் கேட்டாள். உங்கப்பாவோட அப்பா என்றாள் யூனிஸ். தன் முறைக்கு ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.