இருபுறமும் பார்த்தவர்

அந்த பஸ் டிரைவருக்கு வலது முழங்கை மட்டும் ஜன்னல் வெயிலில் கறுத்திருந்தது. யோசிக்கும் திறனைச் சோதிக்க டிப்போவிலிருந்து மதுரையில் உளவியல் சோதனை செய்யும் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். திரையில் அம்புக்குறி வந்ததும் அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் இடமும் வலமும் பார்த்துவிட்டே அழுத்தினார்.

“சட்டுனு அழுத்துங்கண்ணே.”

“தப்பா அழுத்திட்டா ஆளு செத்துருவான்ல சார்?”

சிரித்தேன். ஆன நேரத்தை மட்டும் பார்த்து, ‘சிந்தனை வேகம் குறைவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத்தான், வேகத்தையும் எச்சரிக்கையையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் கணித மாதிரியில் அவர் விடைகளைப் போட்டேன். சிந்தனையில் குறையே இல்லை, எச்சரிக்கைதான் அதிகம். திருத்தி அனுப்பினேன். அதற்குள் அவரிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிவிட்டு, வாடிப்பட்டி டிப்போ வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். என்னைக் கண்டதும் இருபுறமும் பார்த்துவிட்டுக் கை காட்டினார்.

“வாங்க சார், வண்டி எதுவும் வரல.”