கடைசி இடம் பிடித்த கேம்

மிளகு வாங்க மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற ஊருக்குப் போனபோது ஒருவரைப் பார்த்தேன். மிளகு பறிக்கையில், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனவர். தோள்கள் மட்டும் காளைத் திமில் மாதிரி இருந்தன. நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து போனில் கேம் ஆடுவார். தோற்றால் போனை “போடா நாயே” என்று திட்டுவார்.

“போன வருஷம் ஆடினதுல எதுங்க ஃபர்ஸ்ட்டு?” என்று கேட்டேன்.

“மீன் புடிக்கறதுங்க. அதுல உக்காந்தே இருக்கலாம். ரெண்டாவது லாரி ஓட்டறது. மரம் ஏறறது கடைசி.”

“ஏனுங்க?”

“உழுந்தவன் உடனே எந்திரிச்சு நின்னுக்கறான். சுத்தப் பொய்யிங்க.”

“அப்ப அதை அழிச்சுத் தொலைங்க.”

“வேண்டாஞ் சாமி. ஒருத்தனாவது எந்திரிக்கட்டும்.”

மலை இறங்கும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. யாரைத் திட்டுவது? மரத்தையா?