எங்க மிஷின், உங்க மோல்டு

பெரிய கம்பெனிகள் ஆளை வெளியே அனுப்புவதற்கு அழகழகாகப் பெயர் வைத்திருக்கின்றன. என்னை அனுப்பியபோது வைத்த பெயர் 'திறன் பகிர்வு'. ஏணியை அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுப்பது போலத்தான். ஏணியின் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்காது, அவ்வளவே.

சுங்கை வேயில் ஏர்கான் செய்யும் எங்கள் தொழிற்சாலை, அதன் முன்மூடியைக் கிள்ளானில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஃபேக்டரியிடம் வாங்கியது. மூடிகள் விளிம்பில் பிசிறோடு வந்தன. அவர்களுக்கு வேலை தெரியவில்லை, போய்க் கற்றுக்கொடு என்றார் மேனேஜர். அடுத்த லாட்டும் ரிஜெக்ட் ஆனால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும். அங்கே மூடி வார்க்கும் லைனைப் பார்த்துக்கொண்ட அக்காவும் அவரோடு நின்ற பெண்களும் வேலை போய் வீட்டுக்குப் போவார்கள்.

நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் காலையில் கார். ஜாம், மழை, மழைக்குள் ஜாம். நகராத ஆற்றில் ஆளுக்கொரு தகர ஓடம்.

"வாங்க இன்ஸ்பெக்டர்," என்றார் அக்கா முதல் நாள். "தப்ப கையோட கொண்டாந்திருக்கீங்களா, இல்ல இங்கதான் தேடணுமா?"

தேடினேன். சூடு சரி, அழுத்தம் சரி, பிளாஸ்டிக் மணிகளில் ஈரமில்லை. மூடியை வார்க்கும் மோல்டு என்ற இரும்பு அச்சின் விளிம்புதான் கிழட்டுப் பல்லாகத் தேய்ந்திருந்தது. மோல்டு எங்கள் கம்பெனியின் சொத்து. பழுதுபார்க்க வேண்டியதும் எங்கள் கம்பெனிதான். கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் எங்களைப் பற்றியே கற்றுக்கொண்டேன். பகிர்வு என்பது இதுதான் போலும்.

ஆங்கிலத்தின் 'வீ' ஒரு பெரிய குடை. யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். சுங்கை வே மீட்டிங்கில் வெகுநேரம் அதற்குள்தான் நின்றேன்: வீ ஷுட் செக், வீ வில் இம்ப்ரூவ். மேனேஜரும் தமிழர். என் மழுப்பல் பொறுக்காமல் தமிழுக்கு இறங்கினார்.

"சும்மா சுத்தாத லா. யார் தப்பு?"

தமிழ் குடை தருவதில்லை. 'நம்ம' என்றால் அவரும் உள்ளே. 'எங்க' என்றால் அவர் வெளியே. நான் யோசிப்பதற்குள் நாக்கு கதவைச் சாத்திவிட்டது.

"எங்க மிஷின்ல ஒண்ணுமில்ல சார். உங்க மோல்டுதான் தேஞ்சு போச்சு."

"எங்க மிஷினா? ஓஹோ. உனக்குச் சம்பளம் யாருப்பா குடுக்கறது?"

திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார், நல்ல மனிதர். நான் மோல்டின் படத்தைத் திரையில் போட்டேன்.

மோல்டு பழுதுபார்க்கப் போனது. ஆர்டர் கிள்ளானிலேயே தங்கியது. 'இரு தரப்பும் சேர்ந்து கண்ட முன்னேற்றம்' என்று ரிப்போர்ட் வந்தது. பாராட்டிய அதே கையோடு என் இரவலையும் நீட்டித்தார்கள். சுங்கை வேயில் என் மேசையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறதாம். கொடுத்ததை மட்டும்தான் அது சொல்லும்.

செய்தியைச் சொன்னபோது அக்கா கைதட்டவில்லை. புது மூடி ஒன்றின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப இங்கதானா இனிமே? சரி. நாளையிலேருந்து டீ குடிச்ச கப்ப நீங்களே கழுவிக்குங்க. விருந்தாளி எல்லாம் முடிஞ்சிருச்சு."