பெஞ்சிலிருந்து விழுந்த சிரிப்பு

அண்ணனின் காரியம் முடிந்த மறுநாள், சிட்லபாக்கம் வீட்டில் அண்ணி ஒரு தகரப் பெட்டியை என் முன்னால் நகர்த்தினார். திறந்ததும் பழைய காமிக்ஸ் புத்தகங்களின் ஈரக் காகித வாசனை எழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் காதர் பாய் வைத்திருந்த வாடகைப் புத்தகக் கடைதான் நினைவில் வந்தது. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் காமிக்ஸ்களுக்கு நடுவே ஒரு சின்ன டிவி இருக்கும். அதில் வரும் இங்கிலீஷ் காமெடி எங்களில் யாருக்கும் புரியாது என்பதால், கோட்டு போட்ட துரை வாயசைக்கும்போதெல்லாம் பாயே, "இன்னாம்மே, வூட்ல உப்பு கீதா?" என்று வசனம் பேசுவார், பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நாங்கள் எல்லோரும் சிரிப்போம், அண்ணன் மட்டும் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்து, மூச்சு வாங்க என் காலைப் பிடித்துக்கொண்டு எழுவான். சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கடை போய்விட்டது.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணி என்னையே பார்த்தார்.

"அவரா? இத்தன வருஷத்துல அவர் சத்தமா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல, மாலா. எப்படிச் சிரிப்பார்?"

சிரித்துக் காட்டலாம் என்று முயன்றேன். என்னால் முடியவில்லை.